ஆறு மில்லிமீட்டர் கணக்கு

கண்ணாடி உருக்கச் சின்ன மின்சூளை வாங்கியவர்கள் முதலில் செய்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு கோஸ்டர். டீ கிளாஸ் வைக்க ஒரு சதுரப் பலகை, அவ்வளவுதான். 3 மி.மீ. கண்ணாடித் தாளில் ஒரு துண்டை வெட்டி, மேலே நாலு வண்ணச் சில்லுகளை வைத்து, மூடியைப் போட்டு 800 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுவார்கள். மறுநாள் காலை திறந்தால் உள்ளே இருப்பது சதுரமே இல்லை. பக்கங்கள் உள்வாங்கி வளைந்திருக்கும். விளிம்பு தடித்து, அதில் ஆங்காங்கே கையைக் கிழிக்கிற ஊசிமுனைகள். நடுப்பகுதி மெலிந்து போயிருக்கும். சில சமயம் அங்கே ஒரு கொப்புளம் எழும்பி, வெடித்து, ஓட்டையாகவே நிற்கும்.

இதைப் பார்த்ததும் எல்லாரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: சூடு பத்தவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் தண்ணீர் மாதிரி பரவிச் சமமாகியிருக்கும் என்று நினைத்து, அடுத்த முறை 830 வைப்பார்கள். பக்கங்கள் இன்னும் உள்ளே போகும், கண்ணாடி அடித்தட்டோடு ஒட்டியும் கொள்ளும். பிறகு பழி சூளையின்மேல் விழும். சூளை பாவம். கோளாறு சூட்டில் இல்லை, கண்ணாடியின் தடிமனில் இருக்கிறது. ஒரு டீ ஆறுவதற்குள் இதைச் சொல்லி முடிக்க முடியாது. நிதானமாகப் போவோம்.

முதலில், சூட்டில் கண்ணாடிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். பனிக்கட்டிக்கு 0 டிகிரி என்று ஓர் எல்லைக்கோடு உண்டு; அந்தப் பக்கம் கட்டி, இந்தப் பக்கம் தண்ணீர். கண்ணாடிக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது உடனே பிடிபடும். அடுப்பில் ஓடுகிற பாகு ஆற ஆறக் கம்பியாக இழுபடுகிறது, உருட்டினால் உருளுகிறது, கடைசியில் தட்டினால் நொறுங்குகிறது. எந்த நொடியில் நீர்மம் திண்மமானது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடியும் அந்த ரகம்தான், ஆனால் பல நூறு டிகிரி மேலே. ஓட மறுக்கிற இந்தக் குணத்தைத்தான் பள்ளிப் புத்தகம் பாகுநிலை என்று சொல்கிறது. சூடு ஏற ஏறப் பாகுநிலை குறையும். திடீரென்று அல்ல, படிப்படியாக.

அந்தப் படிகளைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உருக்கி ஒட்டுவதற்கென்றே விற்கும் கண்ணாடி 480 டிகிரிக்குக் கீழே விறைப்பாக இருக்கும். 650ஐ நெருங்கும்போது தன் எடையிலேயே தொய்ய ஆரம்பிக்கும். கிண்ண அச்சின்மேல் வைத்து வளைப்பது இந்தச் சூட்டில்தான். 700ஐத் தாண்டினால் வெட்டிய கூர் மழுங்கும். 750 வாக்கில் ஒரு துண்டு இன்னொன்றோடு ஒட்டும், ஆனால் இரண்டும் தத்தம் உருவத்தோடு மேடும் பள்ளமுமாக நிற்கும். 800ஐ எட்டினால்தான் மேலே வைத்த சில்லு கீழே இருப்பதற்குள் அமிழ்ந்து ஒரே பரப்பாகும். ஆனால் அப்போதும் அது தண்ணீராகிவிடுவதில்லை. கண்ணாடி ஆலைகளில் ஊற்றுகிற பதத்துக்கு வருவது 1,000 டிகிரிக்கு மேலேதான். நம் சூளையில் நடப்பது உருகுதல்கூட இல்லை, மிக மெதுவான ஒரு நகர்தல்.

(எல்லைக்கோடு இல்லை என்றால் ஜன்னல் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாமல் வழிந்துகொண்டிருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். பழைய ஐரோப்பிய தேவாலயங்களின் கண்ணாடி அடியில் தடித்திருப்பதை அதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சமமான தடிமனில் செய்யத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். அறைச்சூட்டில் கண்ணாடி வழியாது.)

800 டிகிரியில் இந்த இளகிய கண்ணாடியை இரண்டு விசைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஒன்று புவியீர்ப்பு. அது கண்ணாடியைக் கீழே அமுக்கிப் பரப்பப் பார்க்கிறது. எல்லாரும் மனதில் வைத்திருப்பது இந்த ஒன்றை மட்டும்தான். இன்னொன்று பரப்பு இழுவிசை. எந்த நீர்மத்தின் மேற்பரப்பும் தன் பரப்பளவைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். அதனால்தான் மழைத்துளி உருண்டையாக இருக்கிறது. இளகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒன்று பரத்துகிறது, மற்றது திரட்டுகிறது. மெல்லிய கண்ணாடியில் எடை குறைவு என்பதால் திரட்டும் விசை ஜெயிக்கும். தடித்த கண்ணாடியில் எடை ஜெயிக்கும். இரண்டும் சமமாகும் தடிமன் ஒன்று உண்டு. அது ஏறக்குறைய 6 மி.மீ.

நம் முழுக் கதையும் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. கைவினைக்காரர்கள் கண்டுபிடித்த ஏதோ ரகசியம் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் கண்ணாடி செய்யும் பெரிய ஆலைகளும் ஏறக்குறைய இதே எண்ணோடு மல்லுக்கட்டுகின்றன. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகுக்கு அறிவித்த ஃப்ளோட் முறையில், உருக்கிய கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து பரவுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் செயின்ட் கோபேன் ஆலையும் இந்த முறையில்தான் கண்ணாடி செய்கிறது. வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியைத் தன்பாட்டுக்கு விட்டால் அது 7 மி.மீ. அளவில் வந்து நின்றுவிடும். அதைவிட மெல்லியதாக வேண்டுமென்றால் இரு விளிம்பையும் பல்சக்கரங்களால் பிடித்து இழுத்தபடி இருக்க வேண்டும். தடிமனாக வேண்டுமென்றால் இருபுறமும் அணை கட்ட வேண்டும். அவ்வளவு பெரிய ஆலையிலேயே சொன்னபடி கேட்காத கண்ணாடி, நம் சூளையில் சூட்டைக் கூட்டினால் மட்டும் கேட்டுவிடுமா?

இப்போது அந்தக் கோஸ்டருக்கு என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. சதுரம், 3 மி.மீ. தடிமன் என்றால் அதில் இருப்பது 30 கன செ.மீ. கண்ணாடி. அது 6 மி.மீ. தடிமனுக்குப் போக விரும்புகிறது. அப்படிப் போனால் 50 சதுர செ.மீ. பரப்புத்தான் தேறும், அதாவது பக்கத்துக்கு 7 செ.மீ. மட்டும். ஆகவே நாம் வைத்த கண்ணாடி தன்னை 10இலிருந்து 7க்குச் சுருக்கிக்கொள்ளப் பார்த்தது. விளிம்பிலிருந்துதான் அது திரள ஆரம்பிக்கும், அதனால் விளிம்பு தடித்தது. அப்படி உள்ளே நகரும்போது தட்டின் பூச்சில் அங்கங்கே பிடித்துக்கொண்ட இடங்கள்தான் அந்த ஊசிமுனைகள். நடுவில் மிஞ்சியது மெல்லிய தோல். கீழே கொஞ்சம் காற்று இருந்தாலும் அந்தத் தோலைத் தூக்கி ஊதிவிடும்.

சூட்டைக் கூட்டியதும் ஏன் இன்னும் மோசமானது என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. சூடு எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அது பாகுநிலையைக் குறைக்கிறது, அவ்வளவே. பாகுநிலை குறைந்தால், எந்த விசை கை ஓங்கியிருக்கிறதோ அது தன் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். 3 மி.மீ. தாளில் கை ஓங்கியிருப்பது திரட்டும் விசை. 800இல் பாதி தூரம் சுருங்கியிருந்தது 830இல் முக்கால் தூரம் சுருங்கும். தட்டையாக்கத்தான் சூடு என்று நினைத்துக்கொண்டு, சுருக்குகிறவனுக்கு உதவி செய்துகொண்டிருக்கிறோம்! நேரமும் சூட்டைப் போலத்தான்: உச்சத்தில் 10 நிமிடம் நிறுத்துவதற்குப் பதில் 20 நிமிடம் நிறுத்தினால், சில டிகிரி கூட்டியதற்குச் சமம். அதனால் ‘சூட்டைக் கூட்டவில்லை, நேரத்தைத்தான் கூட்டினேன்’ என்று சொல்லியும் தப்பிக்க முடியாது.

தீர்வு எளிது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு 3 மி.மீ. தாள்கள். தொடக்கத்திலேயே 6 மி.மீ. கொடுத்துவிட்டால் கண்ணாடிக்குச் சுருங்கவும் காரணமில்லை, வழியவும் காரணமில்லை. 10 செ.மீ. சதுரம் 10 செ.மீ. சதுரமாகவே வெளிவரும், மூலைகள் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். அந்த மழுங்கலும் பரப்பு இழுவிசையின் வேலைதான். மழுங்கலே வேண்டும் என்று அந்த விசையை வேலை வாங்கியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள், நீளக் குழாயாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கிய பின் மறுபடி சூடேற்றி விளிம்பு மழுக்கியவை. ஒவ்வொரு மணியாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒற்றைத் தாளில்தான் செய்வேன், கனம் வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி உண்டு. 750ஐத் தாண்டாதீர்கள். அந்தச் சூட்டில் பாகுநிலை இன்னும் கெட்டியாக இருப்பதால் சுருங்க நினைத்தாலும் கண்ணாடியால் பெரிதாக நகர முடியாது. மேலே வைத்த சில்லுகள் ஒட்டும், ஆனால் அமிழாது. மேடு தெரியத்தான் செய்யும். வழவழப்பான ஒரே பரப்பும் வேண்டும், 3 மி.மீ. தடிமனும் வேண்டும் என்றால் இந்தச் சூளையில் நடக்காது.

எல்லாரும் சீரான இரண்டு தாளோடு நிறுத்திக்கொள்வதில்லை. மேலே கீற்றுகள், பொடிகள், வளைந்த துண்டுகள் என்று ஏறிக்கொண்டே போகும். அப்போது தடிமனை ஸ்கேலால் அளக்க முடியாது. சமையலறைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.5 கிராம். 6 மி.மீ. தடிமனில் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 1.5 கிராம் வரும். 10 செ.மீ. சதுரக் கோஸ்டர் என்றால் 150 கிராம். 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு என்றால் 470 கிராம். அடித்தாள், மேல்தாள், அலங்காரம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் சுருங்கும், கூடினால் வழியும். என்னைக் கேட்டால், இரண்டாவது வண்ணத் தாள் வாங்குவதற்கு முன்பே ஒரு தராசு வாங்கிவிடலாம்.

மூன்று தாள் அடுக்கினால்? 9 மி.மீ.யில் எடைதான் ஜெயிக்கும். அதே 10 செ.மீ. சதுரம் 12 செ.மீ. வரை பரவி, நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் பிதுங்கி நிற்கும். தட்டின் ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் கீழேயும் வழிந்து சூளையின் தரைச் செங்கல்லைத் தின்றுவிடும். தடித்த பலகைதான் வேண்டுமென்றால் ஆலைக்காரர்களைப் போல அணை கட்ட வேண்டியதுதான்: சூளைத் தட்டிலிருந்து வெட்டிய பட்டைகளைச் சுற்றிலும் நிறுத்தி, உட்பக்கம் கண்ணாடி ஒட்டாமலிருக்க ஃபைபர் பேப்பர் வைப்பது.

தடிமனுக்கு அடுத்த எதிரி காற்று. இரண்டு தாளுக்கு நடுவில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். 800 டிகிரியில் அது அறைச்சூட்டில் இருந்ததைப்போல் மூன்றரை மடங்குக்கு விரிகிறது. விளிம்புகள் முதலில் ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்றுக்கு வெளியே போக வழியில்லை. சின்னச் சூளைகளில் பலவற்றுக்கு வெப்பக்கம்பிகள் பக்கச் சுவரில் இருக்கும். அங்கே விளிம்புதான் முதலில் சூடாகிறது, விளிம்புதான் முதலில் ஒட்டுகிறது. மூடியில் கம்பி உள்ள சூளை தட்டைக் கண்ணாடிக்கு நல்லது என்று சொல்வது இதனால்தான். பக்கக் கம்பிச் சூளை வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம், மெதுவாகப் போனால் போதும்.

மெதுவாக என்றால் எங்கே? 620க்கும் 680க்கும் நடுவில். இந்த இடத்தில் கண்ணாடி தொய்யும் அளவுக்கு இளகியிருக்கிறது, ஒட்டி மூடிக்கொள்ளும் அளவுக்கு இளகவில்லை. மேல்தாள் மெல்லப் படிந்து காற்றைப் பிதுக்கித் தள்ள இதுவே நேரம். அரை மணியாவது கொடுங்கள். பக்கக் கம்பி என்றால் ஒரு மணி. இன்னொரு கைவேலையும் இருக்கிறது. இரண்டு தாளுக்கு நடுவே நான்கு மூலையிலும் கடுகளவு நிறமில்லாக் கண்ணாடிப் பொடி வையுங்கள். மூலைகள் ஒரு முடி அளவு தூக்கி நிற்பதால் மேல்தாள் முதலில் நடுவில் படியும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிந்துகொண்டே வரும். காற்று முன்னால் ஓடிவிடும்.

நடுவில் எழும்பி வெடிக்கிற பெரிய கொப்புளம் தாள்களுக்கு இடையில் பிறப்பதில்லை. அது கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவிலிருந்து வருகிறது. தட்டில் ஈரம் இருந்திருக்கும், அல்லது தட்டில் குழி இருந்திருக்கும். இரும்பு ஸ்கேலை நெட்டுக்குத்தாகத் தட்டின்மேல் வைத்து, அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். எங்கே நுழைகிறதோ அங்கே பள்ளம். கண்ணாடி அடித்தட்டின் உருவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். தட்டு வளைந்திருந்தால் கோஸ்டரும் வளைந்துதான் வரும், எத்தனை டிகிரி வைத்தாலும்.

தட்டில் பூசும் பூச்சை எல்லாரும் கில்ன் வாஷ் என்றே சொல்கிறார்கள். அலுமினாப் பொடியும் கயோலின் களிமண்ணும் தண்ணீரில் கரைத்தது. மென்மையான தூரிகையால், பால் பதத்தில், ஒரு முறை நெடுக்காகவும் அடுத்த முறை குறுக்காகவும் நாலைந்து கோட் கொடுத்து, காய்ந்ததும் 260 டிகிரியில் அரை மணி வாட்டி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். தூரிகைக் கோடு தெரிந்தால் அது கண்ணாடியின் அடியிலும் தெரியும். காய்ந்த பூச்சைப் பழைய நைலான் காலுறையால் லேசாகத் துடைத்தால் கோடு மறையும்; அப்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. 800 வரை ஒரு தடவை ஏறிய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். மறுபடி அதன்மேலேயே வைத்தால் பொடிப்பொடியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரும், எளிதில் போகாது. எப்படிச் செய்தாலும் சூளையில் மேற்பக்கம்தான் பளபளக்கும். அடிப்பக்கம் மங்கலாகத்தான் இருக்கும்.

கன்ட்ரோலர் காட்டும் எண்ணை முழுசாக நம்பிவிடாதீர்கள். தெர்மோகப்பிள் என்கிற அந்தச் சூடுகாணும் முனை சூளைக்குள் இருக்கும் காற்றை அளக்கிறது, கண்ணாடியை அல்ல. சின்னச் சூளையில் காற்று சட்டென்று சூடாகும். கண்ணாடி பின்னால் வந்து சேரும். பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதனால் அடுத்தவர் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் ஒரே அளவான சிறு துண்டுகளை இரட்டையாக அடுக்கி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எந்த மூலையில் துண்டு கூர்மையாகவே நிற்கிறது, எங்கே முழுசாக உருண்டிருக்கிறது என்று பார்த்தால் உங்கள் சூளையின் குணம் தெரிந்துவிடும். அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த மூலையில் கோஸ்டரை வைக்காதீர்கள்.

மேற்பரப்பு சமமாக வந்தும் பளபளப்பில்லாமல் வெள்ளையாகப் பூத்திருந்தால், அது படிகம். 700லிருந்து 780 வரையுள்ள பகுதியில் கண்ணாடி அதிக நேரம் நின்றால் மேல்தோலில் நுண்ணிய படிகங்கள் முளைக்கும். கைரேகையும் தூசும் அவற்றுக்கு வித்து. கண்ணாடியைக் கழுவி, பஞ்சில்லாத துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்து வையுங்கள். 680ஐத் தாண்டியதும் அந்தப் பகுதியைத் தயங்காமல் கடந்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு இந்தத் தொல்லை அதிகம். பொற்கொல்லர்கள் பற்றவைக்கும்போது பயன்படுத்தும் வெங்காரத்தைத் தண்ணீரில் கரைத்து மெல்லிசாகத் தெளித்தால் பெருமளவு அடங்கும்.

ஜன்னல் கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது. கண்ணாடிக் கடையில் வெட்டி எறியும் துண்டுகள் கற்றுக்கொள்ள அருமையானவை. இருபது முப்பது டிகிரி கூடுதலாகக் கேட்கும், மற்றபடி 6 மி.மீ. கணக்கு அதற்கும் பொருந்தும். ஆனால் அதை விலைகொடுத்து வாங்கிய வண்ணக் கண்ணாடியோடு சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1974இல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடியை 90 என்றும், இன்னொரு வகையை 96 என்றும் சொல்வார்கள். ஒரு மீட்டர் கண்ணாடி ஒரு டிகிரிக்கு 9 மைக்ரோமீட்டர் விரிந்தால் அது 90, 9.6 விரிந்தால் 96. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் ஒட்டிய பிறகு இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கினால், அன்றைக்கோ அடுத்த மாதமோ பிளவு நிச்சயம். சந்தேகமிருந்தால் இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்காக வைத்து, நடுவில் ஒட்டிய துண்டைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வண்ணச் சில்லைச் சுற்றி வெள்ளை வளையம் ஒளிர்ந்தால் உள்ளே இழுபறி நடக்கிறது.

இறக்குவதும் ஏற்றுவதைப் போலத்தான். வெளித்தோல் முதலில் ஆறி, உள்ளே சூடாக இருந்தால் கண்ணாடிக்குள் இறுக்கம் பூட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க ஒரு சூட்டில் நிறுத்தி, பிறகு மெல்ல இறக்குவதுதான் அனீலிங். 6 மி.மீ. புல்ஸ்ஐ கண்ணாடிக்கு இப்படிப் போகலாம்: மணிக்கு 220 டிகிரி வேகத்தில் 677 வரை, அங்கே அரை மணி, மணிக்கு 330 வேகத்தில் 804, அங்கே 10 நிமிடம், பிறகு மூடியைத் திறக்காமல் தானாக 482க்கு வரவிட்டு, அங்கே ஒரு மணி, மணிக்கு 83 டிகிரி வீதம் 371 வரை, அதற்குப் பின் சூளையை அணைத்துவிடலாம். சின்னச் சூளையின் சுவர் மெல்லியது, வேகமாக ஆறும். ஆகவே அந்த 371 வரை கன்ட்ரோலர் பிடித்தே இறக்க வேண்டும். ‘அணைத்தால் தானே ஆறும்’ என்பது பெரிய சூளைக்காரர்கள் பேச்சு. உடைந்து வந்தால் உடைப்பைத் தடவிப் பாருங்கள். உடைந்த விளிம்பு மழுங்கியிருந்தால் ஏற்றும்போது விரட்டியிருக்கிறீர்கள். உடைந்த பிறகு சூடு அதை மழுக்கியிருக்கிறது. கத்திபோல் கூர்மையாக இருந்தால் இறக்கும்போது விரட்டியிருக்கிறீர்கள்.

இத்தனையும் பார்த்துச் செய்தும் மேலே ஒரு மேடு மிஞ்சினால் தூக்கிப் போட வேண்டாம். எடை சரியாக இருந்தால் அதையே மறுபடி சூளையில் வைக்கலாம், உச்சத்தில் இன்னும் ஐந்து பத்து நிமிடம் கொடுத்தால் மேடு அமிழ்ந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முதல் முறை உள்ளே போனவை தனித்தனியான இரண்டு மெல்லிய தாள்கள். இப்போது போவது 6 மி.மீ. கொண்ட ஒரே பலகை. முதல் முறை தாங்கிய வேகத்தை அது தாங்காது. 540 டிகிரி வரை மணிக்கு 150க்கு மேல் வைக்காதீர்கள்.